சவ்வரிசிக் கொடி

முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு. காதர் மைதீன் கடைப் பற்றுப் புத்தகத்தில் நல்லையா வாத்தியார் பெயருக்கு நேரே நின்ற தொகை அது. சதுரம் சதுரமாய் அறுத்த கண்ணாடி மூன்று டஜன், பழைய கேமராவில் கழற்றிய லென்ஸ் ஒன்று, ஏழு நிறத்தில் மைக்குப்பி, மெல்லிய தூரிகை இரண்டு. படங்களுக்குச் சட்டம் போடும் கடையாதலால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன.

"படம் காட்டுற வாத்தியாரா ஆகப் போறீங்க. டிக்கெட்டு போடுவீங்களா?" என்று காதர் மைதீன் சிரித்தார்.

"வேலை நிரந்தரமானதும் முதல் சம்பளத்துல தந்துடறேன் பாய்."

காஜா பேராங் தமிழ்ப்பள்ளியில் நல்லையா பதினோரு வருஷமாகத் தற்காலிக வாத்தியார். மூட்டை தூக்குகிறவனுக்காவது அன்றன்றைக்குக் கூலி முடிந்துபோகும். இவர் ஒவ்வொரு டிசம்பரிலும், அடுத்த வருஷம் உண்டா இல்லையா என்று தாளுக்குக் காத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகவிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் மேலிடத்திலிருந்து தாள் வந்தது. பத்துச் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கண்ணாடியில் படம் எழுதப் பழக வேண்டும். பிறகு அதை விளக்கு வெளிச்சத்தில் திரையில் காட்டி, இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பாடம் நடத்த வேண்டும். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் வருஷக் கடைசியோடு வீடு.

சொல்லிக் கொடுத்தவரும் பரீட்சை பார்க்கப் போகிறவரும் ஒருவரே, இன்ஸ்பெக்டர் தேவதாஸ். ஒரு படத்தில் ஆறு சொல்லுக்கு மேல் கூடாது, கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் எழுத்து தெரிய வேண்டும், சுற்றிலும் இடம் விடவேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். கரும்பலகையை ஓரத்துக்கு ஓரம் எழுதி நிரப்பிப் பழகிய கை நல்லையாவுடையது. இடம் விடுவதற்கு அந்தக் கை ஐந்து சனிக்கிழமை எடுத்துக்கொண்டது. ஆனால் பழகிய பிறகு, வகுப்புக்கு வந்த நாற்பது வாத்தியார்களில் அவர் படம்தான் படம்.

ஆறாம் சனிக்கிழமை, காகிதத்தை விட்டுக் கண்ணாடிக்கு வந்ததும், ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். வெறும் கண்ணாடியில் மை ஒட்டாது. இந்தப் பொடியைக் கரைத்துப் பூசிக் காயவைத்து, அதன் மேல் எழுத வேண்டும். ஜெலட்டின். பக்கத்திலிருந்தவர் மோந்து பார்த்துவிட்டு, "மாட்டெலும்பைக் காய்ச்சி எடுக்கிறது" என்றார்.

நல்லையா பிறந்ததிலிருந்து புலால் தொடாதவர். எழுந்து கேட்டிருக்கலாம். நாற்பது வாத்தியார்கள் நடுவில் 'எனக்கு இது ஆகாது' என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியில் பொட்டலத்தை லோங்காங்கில் வீசினார். சாக்கடைத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

அவர் மனைவி சீதா சவ்வரிசியைக் காய்ச்சி வடித்துப் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் செதில் செதிலாய் வெடித்தது.

"என்னங்க, கொஞ்சம் சீனி போட்டா வெடிக்காது" என்றாள்.

வெடிக்கவில்லை. பளபளவென்று படிந்தது. தகரப் பெட்டியில் லென்ஸைப் பொருத்தி, மண்ணெண்ணெய் விளக்கை உள்ளே வைத்து, சுவரில் படம் விழ வைத்தார்கள். கடைசிக் கண்ணாடியில் வரப்போகிற சுதந்திரத்துக்காகப் புதுக் கொடி. பதினொரு கோடுகளையும் அடிக்குச்சி வைத்து எழுதியிருந்தார். சீதா அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் ஒரு தையல் மெஷின் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். "எடுத்துக்கலாம்" என்றார்.

ஆகஸ்டு கடைசியில் தேவதாஸ் வந்தார். ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா கட்டி வகுப்பை இருட்டாக்கியிருந்தார்கள். நல்லையா தகரப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைக்க, தேவதாஸ் கையமர்த்தினார்.

"அதெல்லாம் வேணாம் மிஸ்டர் நல்லையா. கரண்டு மெஷின் கொண்டு வந்திருக்கேன். சூரியன் மாதிரி வெளிச்சம்."

முதல் மூன்று படங்களும் ஓடிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம்தான். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கொடி விழுந்ததும் தேவதாஸ், "பிரமாதம். இதை நிறுத்தி வைச்சுப் பாடம் சொல்லுங்க" என்றார்.

நல்லையா சொல்லத் தொடங்கினார். மெஷினுக்குள் கண்ணாடியைத் தலைகீழாகத்தான் செருகுவார்கள். திரையில் நேராக விழும். சூட்டில் சீனிப்பாகு இளகிக் கண்ணாடியில் கீழே வழிந்தது. திரையில் அது மேலே ஏறியது. சிவப்பு வெள்ளைக்குள் ஏறியது. நீலத்துக்குள் ஏறியது. மஞ்சள் பிறை நீண்டு கூரைப் பக்கம் போனது.

"சார், கொடி ஏறுது!" என்று ஒரு பயல் கத்தினான். வகுப்பு முழுக்கக் கை தட்டியது. பாடத்தில் அதுவும் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

தேவதாஸ் விளக்கை அணைத்துக் கண்ணாடியை உருவி, விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"என்ன இது?"

"சவ்வரிசிக் கஞ்சி, சார். கொஞ்சம் சீனி."

"ஜெலட்டின் கொடுத்தேனே?"

"மாட்டெலும்பு, சார். நான்..."

தேவதாஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா வேலம்பிசின் தந்திருப்பேன்யா. அலமாரியில ஒரு டின் கிடக்குது. கேட்க ஆளில்ல." பிறகு பேனாவைத் திறந்தார். "பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்."

வீட்டில் நல்லையா சீதாவிடம், "நீ சீனி போட்டதுதான்" என்றார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். தையல் மெஷின் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

நாடு சுதந்திரமானது. டிசம்பரில் அவருக்குத் தாள் வந்தது. அவர் இடத்துக்குத் தேறின வாத்தியார் ஒருவர் வந்தார்.

ஜனவரியில் காதர் மைதீன் கூப்பிட்டனுப்பினார். "கடனைக் கேக்கல. சினிமாவுல படத்துக்கு முன்னால கடை விளம்பரம் போடுறாங்க பாருங்க, கண்ணாடியில. நாலு எழுதிக் குடுங்க, கணக்கு சரி. ஆனா வழியாம இருக்கணும்."

"வேலம்பிசின் வாங்கித் தர்றீங்களா பாய்?"

"அது நிக்காதாம். அந்த ஆபரேட்டர் ஜெலட்டின்தான்னு சொல்றான். வாங்கியும் வச்சுட்டேன்." மேசை லாச்சியை இழுத்துப் பொட்டலத்தை எடுத்தவர், சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்தார். "இது பன்னி எலும்பு இல்லையே?"

நல்லையா ஆங்கில எழுத்தைப் படித்தார். "மாடுதான்."

"அப்ப எனக்குப் பரவாயில்ல. உங்களுக்குத்தான்..."

நல்லையா பொட்டலத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானக் காட்சி. சினிமாக் கொட்டகையில் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் அவரும் சீதாவும். திரையில், 'காதர் மைதீன், சட்டம், கண்ணாடி, நியாய விலை.' ஆறு சொல்லுக்கு மேல் இல்லை. சுற்றிலும் தாராளமாய் இடம். எழுத்து ஒரு நூலளவும் அசையாமல் நின்றது.

முன்வரிசையில் ஒரு குரல், "டேய், நம்ம வாத்தியார் எழுத்துடா! இரு, இப்ப மேல ஏறும் பாரு!"

காத்திருந்தார்கள். ஏறவில்லை. "சே" என்றது அதே குரல்.

மறுநாள் காதர் மைதீன் பற்றுப் புத்தகத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். அதுவும் அசையாமல் நின்றது.