பார்க்கமாட்டேன் என்று கையெழுத்திட்ட கடிதம்

1

ஒரு கொலையை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கொல்லப்பட்டவர் ஸ்டான்லி சிமான்ஸ்கி, வயது எண்பத்தொன்று, அமெரிக்காவின் டொலிடோ நகரத்துக் கார் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் கதவு பொருத்தி ஓய்வு பெற்றவர். கொன்றவன் நான். இரண்டே வார்த்தையில் காரியம் முடிந்தது.

இங்கே டாக்டர் பட்டம் வாங்கினால் மட்டும் டாக்டர் ஆகிவிட முடியாது. ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி ரெசிடென்சி என்ற பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வாசல் திறக்கும். ஒரு பக்கத்தில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை, பெரியவர்களிடமிருந்து மூன்று நான்கு சிபாரிசுக் கடிதங்கள். அந்தக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அவற்றில் தாத்தாக்கள் செத்தபடியே இருப்பார்கள். பேரனுக்கு எப்போதும் ஏழு வயது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நிற்பான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அவன் முன் மண்டியிட்டு ஏதோ சொல்வார். அந்த நொடியே அவன் முடிவெடுத்துவிடுவான்.

ஒரே வாரத்தில் பதினாறு தாத்தாக்களை அடக்கம் செய்த களைப்பில், கோரா சிமான்ஸ்கியின் கட்டுரையைப் பிரித்தேன். 'என் தாத்தா ஸ்டான்' என்று ஆரம்பித்திருந்தாள். என் கை தானாகவே முன்னால் 'நினைவில் வாழும்' என்று சேர்த்துவிட்டது.* கடைசி நாள் அவசரத்தில் அவளும் கவனிக்கவில்லை. அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்த ஒரே நேர்முகத்தில், அந்த ஆஸ்பத்திரியின் பயிற்சித் தலைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். கோரா "ரொம்ப நன்றி" என்றாள். அதே நேரத்தில் ஸ்டான்லி பௌலிங் கூடத்தில் ஒன்பது கட்டைகளைச் சாய்த்துவிட்டு, விழாத பத்தாவதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இடம் கிடைக்கவில்லை. அது போன வருஷம்.

(* களைப்பு ஒரு காரணமே இல்லை என்று கோரா சொன்னாள். சரிதான். அதனால்தான் இந்தக் கதை.)

2

டாக்டர் ஹார்லன் வாஸ்பர்க்கின் அறைக்கு வெளியே மழை

வேண்டாம். செப்டம்பர் மாதம், நல்ல வெயில். மழையை நான் சோகத்துக்காக வரவழைக்கப் பார்க்கிறேன்.

கோரா சிமான்ஸ்கி ஒரு போராளி. வாழ்க்கை அவளை எத்தனை முறை

இதுவும் வேண்டாம். இது என்னிடம் வரும் கட்டுரைகளின் வாடை.

நேராகவே சொல்கிறேன். கோராவுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டாம் முறையாக விண்ணப்பிக்கிறாள். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால், மூன்றாம் தடவை அவள் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். எட்டு வருஷப் படிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டியதுதான். இந்த வருஷம் கட்டுரையைத் தானே எழுதினாள். என்னிடம் காட்டவில்லை. மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. துறைத்தலைவர் வாஸ்பர்க்கின் கடிதம் மட்டும் பாக்கி. துறைத்தலைவர் கடிதம் இல்லாத விண்ணப்பத்தைப் பார்த்தால் 'என்னவோ தகராறு போலிருக்கிறது' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

வாஸ்பர்க் கடிதம் எழுதுவதில்லை. "நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடறேன்" என்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே பேசுவதில்லை. இதற்கு நடுவே விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 'இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்.' அதில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆக, கடிதத்தைத் தானே எழுதுவார்கள். பிறகு அதைக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்று உறுதி கொடுப்பார்கள். (நையாண்டி எழுதிச் சம்பாதிக்க முயன்றவன் நான். இந்த ஏற்பாட்டோடு என்னால் போட்டி போட முடியவில்லை.)

3

துறை அலுவலகத்தில் லோரெட்டா டிப்ஸ். இருபத்தாறு வருஷமாக அங்கே செயலாளர். தலைவர்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள், லோரெட்டாவின் நாற்காலி மாறவில்லை. கடிதங்களைக் கணினியில் ஏற்றுவது அவர் கைதான். திங்கட்கிழமை கோரா அங்கே போய் நின்றாள்.

"புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க எல்லா விண்ணப்பத்தையும் திறப்பாங்க. டாக்டர் எங்கே, லோரெட்டா?"

"ஏரியில மீன் பிடிக்கிறாரு. நாளைக்கு மத்தியானம் வருவாரு. நீ எழுதிட்டியா?"

"இன்னிக்கு எழுதி அனுப்பிடறேன்."

"போன வருஷம் என்ன எழுதின, ஞாபகம் இருக்கா கண்ணு?"

கோரா காது சிவந்தது. "'என் முப்பதாண்டு அனுபவத்தில் நான் கண்ட தலைசிறந்த மாணவி'."

"ம். உன்கூடப் படிச்ச மார்கஸ் என்ன எழுதினான் தெரியுமா?"

"தெரியாதே."

"முப்பதாண்டு அனுபவத்தில் தலைசிறந்த மாணவன். அப்புறம் அந்த ரெட்டைப் பொண்ணுங்க. அப்புறம் அந்த உயரமான பையன். அஞ்சு பேரு. அஞ்சும் ஒரே கையெழுத்துல, ஒரே வாரத்துல, ஒரே ஆஸ்பத்திரிகளுக்குப் போச்சு. முப்பது வருஷத்துல அப்படி ஒரு விளைச்சல் கண்டதே இல்ல."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னை யாரு கேட்டா? நான் அனுப்புறவ. வேணும்னா ஒட்டறதுக்கு முன்னால உறையை முகர்ந்து பாப்பேன், அவ்வளவுதான்."

"இப்ப உறையே கிடையாதே லோரெட்டா, எல்லாம் கம்ப்யூட்டர்."

"அதான் நாத்தம் தெரியல."

4

இங்கே எனக்குக் கோராவின் மேல் ஒரு சந்தேகம். ஆபத்தில் இருக்கிறவள் இன்னும் பெரிய வார்த்தையைத்தானே தேடுவாள்? அவளை நான் அளவுக்கு மீறி நல்லவளாக்குகிறேனோ? போனில் கேட்டேன். "நல்லவளா? மண்ணாங்கட்டி. பெரிய வார்த்தை எல்லாத்தையும் போன வருஷமே நாங்க அஞ்சு பேரும் தீர்த்துட்டோம். மிச்சம் இருந்தது நடந்த விஷயம் மட்டும்தான்" என்றாள்.

நடந்த விஷயம் இது. கோரா மாணவியாக வார்டில் இருந்த காலம். ஆர்வில் கெம்ப் என்ற கிழவர், இதய நோயாளி, காலெல்லாம் வீங்கி மூன்று மாதத்தில் மூன்று முறை வார்டுக்கு வந்தார். 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஒத்துழைப்பதில்லை' என்று முதல் முறை எழுதினார்கள். இரண்டாம் முறையும் அதையே எழுதினார்கள். வாஸ்பர்க் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டில் ஓரம் நின்று, பிடிவாதம் பற்றிச் சிறு சொற்பொழிவே ஆற்றினார். மூன்றாம் முறை கோரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். நீர் போவதற்கான மாத்திரை. அதைப் போட்டால் அரைமணிக்கு ஒருமுறை ஒதுங்க வேண்டும். கெம்ப் வாரத்தில் நான்கு நாள் இரண்டு பஸ் மாறி, பக்கவாதத்தில் கிடக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறவர். "பஸ்ஸுல கழிப்பறை வச்சிருக்கானா, டாக்டரம்மா?" என்றார். மாத்திரையை வீடு திரும்பிய பிறகு போடச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வார்டுக்கு வரவில்லை.

இதைத்தான் கோரா வாஸ்பர்க்கின் குரலில் எழுதினாள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்: 'முதல் இரண்டு முறை ஒத்துழைப்பதில்லை என்று எழுதியவர்களில் சிமான்ஸ்கியும் உண்டு.' அழித்தாள். திரும்பப் போட்டாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. அனுப்பிவிட்டாள்.

5

[வாஸ்பர்க்கின் அறை வர்ணனை. ஏழு சான்றிதழ்கள், ஒரு மார்பளவுப் படம், ஒரு பாடம் செய்த மீன். மீனின் முகத்தில்தான் சிந்தனை தெரிந்தது. இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். மீனை மட்டும் விட மனசில்லை.]

6

செவ்வாய் மத்தியானம் கணினியில் நிலவரம்: 'கடிதம் வரவில்லை.' மூன்று மணிக்கு லோரெட்டாவிடமிருந்து குறுஞ்செய்தி: 'வந்துட்டாரு. கதவைச் சாத்திட்டாரு. படிக்கிறாரு.'

வாஸ்பர்க் எதையும் படிப்பவர் இல்லையே. கோரா தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். முதல் வரியிலேயே தவறு தெரிந்தது.

வாஸ்பர்க்கின் கடிதங்கள் வாஸ்பர்க்கிலிருந்துதான் தொடங்கும். அவர் வகிக்கும் பதவிகள், வாங்கிய விருதுகள், தலைமை தாங்கிய குழுக்கள் எல்லாம் முதல் பத்தியில் வந்தாக வேண்டும். மாணவர் இரண்டாம் பத்தியில்தான் உள்ளே நுழைவார். போன வருஷம் அவருக்காக அவளே பதினோரு வரி எழுதியிருந்தாள். இந்த வருஷம் கெம்ப் நினைப்பில் அவரை எழுத மறந்தே போனாள். தன்னைக் காணாத வாஸ்பர்க், தான் வேறெங்காவது இருக்கிறோமா என்று தேடியபடி முழுக் கடிதத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் எங்குமே இல்லை. கட்டில் ஓரத்துச் சொற்பொழிவில் மட்டும் இருக்கிறார்.

நாலரை மணிக்குப் போன் அடித்தது.

"சிமான்ஸ்கி, நீ அனுப்பினது சிபாரிசுக் கடிதமா, மளிகைச் சீட்டா?"

"டாக்டர், நான் வந்து…"

"நான் யாருன்னே அதுல இல்லையே. தெருவுல போறவன் கூப்பிட்டுச் சொன்ன மாதிரி இருக்கு."

"மன்னிச்சிருங்க டாக்டர். பத்து நிமிஷம் குடுங்க, முதல் பத்தியை எழுதி அனுப்பிடறேன்."

"வேணாம். அனுப்பியாச்சு."

"என்னது?"

"கடிதம்."

"எந்தக் கடிதம், டாக்டர்?"

"பாக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியா, இல்லியா?"

"போட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் கேக்குற?" வைத்துவிட்டார்.

கணினியில் 'வந்துவிட்டது' என்று பச்சை எழுத்தில் இருந்தது.

7

லோரெட்டா கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். கோரா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நான் எழுதினதையா அனுப்பினாரு?"

"இல்ல. ஒரு மணி நேரம் ரெண்டு விரலால டக்கு டக்குன்னு தட்டினாரு. நடுவுல வெளியே வந்து, புதுப் பக்கம் எப்படித் திறக்கறதுன்னு கேட்டாரு. பதினோரு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி அதுதான்."

"நீங்க படிச்சீங்களா?"

"இருபத்தாறு வருஷத்துல நான் படிக்காத கடிதம் ஒண்ணு இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க லோரெட்டா. நல்லதா, கெட்டதா?"

லோரெட்டா சாவியைக் கண்டுபிடித்தார். காரில் ஏறினார். கண்ணாடியை இறக்கினார். "அதுல முப்பது வருஷம் இல்ல, கண்ணு. போய்ச் சாப்பிடு."

கோரா அன்று பௌலிங் கூடத்துக்குப் போய்த் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயம் போட்டு வதக்கிய பியரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு முழுக்கத் தின்றாள். ஸ்டான்லி காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "இந்த வருஷம் நான் உயிரோட இருக்கேனா?"

"இருக்கீங்க, ஜாஜா. ரெண்டாவது பத்தியில பௌலிங் ஆடறீங்க." (ஜாஜா என்றால் போலிஷில் தாத்தா.)

"எத்தனை பாயிண்ட்?"

"அதைப் போடல."

"போட்டிருக்கலாம்" என்று முனகிவிட்டு எழுந்து போனார்.

8

முடிவுகள்.

(அ) வாஸ்பர்க் திருந்துகிறார். கெம்ப்பின் கையைப் பிடித்துக் கண்கலங்குகிறார். – அடித்துவிட்டேன். அந்தக் கண் அதற்காக ஏற்பட்டதல்ல. அடுத்த வாரமே வேறொரு மாணவனிடம் "நீயே எழுதி அனுப்பு" என்றார்.

(ஆ) கடிதம் தவறுதலாகக் கோராவின் மெயிலுக்கு வருகிறது. அவள் அதைத் திறப்பதற்குள்

இல்லை. வரவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருஷம் ஒன்பது நேர்முகம். அதில் நான்கு இடங்களில் "உங்கள் தலைவர் எழுதியதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றாள் கோரா. கையெழுத்துப் போட்டதற்கு ஏற்ப வந்த முதல் உண்மையான பதில். அதைச் சொல்லும்போது தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது என்றாள். ஓர் இடத்தில் கேட்டவர் சிரித்தார், ஏன் என்று சொல்லவில்லை. மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெயில் வந்தது: இடம் கிடைத்துவிட்டது. எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமை தெரியும். ஊரா முக்கியம்? தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன் செய்து ஒரே வரி சொன்னாள்: "இந்தத் தடவை யாரும் சாகல."

மிச்சம் இருப்பது அந்தக் கடிதம். கதை எழுதுகிறவனுக்கு எந்தக் கோப்பும் பூட்டில்லை, திறந்து காட்ட என்னால் முடியும். மூன்று தடவை எழுதியும் பார்த்தேன். மூன்றிலும் வாஸ்பர்க் என்னைப் போலவே பேசினார். தவிர, பார்க்கமாட்டேன் என்று கோரா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் பார்க்காததை நான் பார்ப்பது முறையில்லை.

ஆகவே நீங்களே எழுதி அனுப்புங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். முதல் பத்தியில் என்னைப் பற்றிப் பதினோரு வரி வரட்டும், மறந்துவிடாதீர்கள். மறந்தால் உட்கார்ந்து முழுவதையும் படிக்க வேண்டிவரும்.