விளிம்பில்லாத தொட்டி

"விளிம்புங்கிறது பயந்தவன் கண்டுபிடிச்சதுப்பா. கண்ணாடி தன்னைத் தானே தாங்கும். தண்ணிக்குத் தன் எல்லை தெரியும். நடுவுல இந்தக் கறுப்பு பிளாஸ்டிக்க மாட்டி வச்சதுதான் மனுஷ குலம் பண்ணின முதல் கோழைத்தனம்."

பி.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் பிலோமின்ராஜ் இதைக் கூடத்துத் தரையில் முழங்காலிட்டபடி சொன்னான். கையில் அப்பாவின் சவர பிளேடு. மூன்றடி மீன் தொட்டியின் மேல்விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே காய்ந்து ரப்பராகியிருந்த சிலிக்கோன் பசையை அறுத்துக்கொண்டே வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. மனித குலத்தைப் பற்றி அவன் எப்போதும் இப்படித்தான் பேசுவான்.

விளிம்பில்லாத தொட்டியை அவன் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்திருந்தான். கூடப் படிக்கும் ஸ்ரீரங்கத்துப் பராசரன் கொண்டுவந்த பத்திரிகை. படத்தில் தண்ணீர் ஒரே கட்டியாக, யாரும் பிடிக்காமல், மேசைமேல் நின்றது. அதற்கு எவ்வளவு கனமான கண்ணாடி வேண்டும் என்பதையும் கீழே எழுதித்தான் இருந்தார்கள். ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார்கள்.

அப்பா அற்புதசாமி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே ஜங்ஷன் பார்சல் ஆபீசில் கிளார்க். மனித குலத்துக்காக அவர் எதுவும் வாதாடவில்லை. விளிம்பு முழுதாகக் கழன்று வந்ததும், "ராத்திரிக்கு மட்டும் ஒரு கயிறு போட்டு வைப்பமா?" என்றார்.

கயிறு அவருக்கு வேதத்துக்கு அடுத்தபடி. பூட்டிய சூட்கேஸின் மேல் கயிறு. ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் துணி, துணிமேல் கயிறு, முடிச்சு விழும் வரை கயிற்றின் மேல் அம்மாவின் விரல். மழை இல்லாத மாதங்களில் குடையைச் சுற்றிக் கயிறு. எழுபத்தேழு வெள்ளத்தின்போது ஊரே பரணில் ஏறி உட்கார்ந்திருக்க, அவர் துணி அலமாரியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். வெள்ளம் அவர்கள் தெருவுக்கு வரவே இல்லை. அலமாரி மட்டும் ஒரு வாரம் திறக்க முடியாமல் இருந்தது. இதையெல்லாம் சேர்த்து 'பார்சல் மனிதன்' என்ற தலைப்பில் பிலோமின் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தான். அப்பா அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, மற்ற பழைய பத்திரிகைகளோடு சேர்த்துக் கட்டி வைத்தார்.

"கயிறு கட்டின தண்ணிய எந்த நாட்டுலயாவது பாத்திருக்கீங்களா?" என்றான் பிலோமின்.

"பாத்ததில்லதான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "காலைல வரைக்கும் தாங்கட்டும். நான் ஒத்துக்கறேன்."

பிலோமின் தொட்டியை அதன் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடியின் உச்சி வரை நிரப்பினான். தங்க மீன்கள் திரும்பி வந்தன. தொட்டி உண்மையிலேயே அழகாக இருந்தது. அம்மாகூட அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கோவிலில் முதல் பூசை கண்டுவிட்டு வந்தார். நேராகத் தொட்டிக்குப் போனார். நகத்தால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலையேடா" என்றார், ஏதோ அவருக்கே கிடைத்த பரிசைப் பார்ப்பதுபோல. "சரி. நீ சொன்னதுதான்." நாற்காலியில் உட்கார்ந்தார். காபி கேட்டார். அம்மா காபியோடு வந்தபோது, தும்மல் வரப்போகிறவர் மாதிரி முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். தும்மல் வரவில்லை.

அடுத்த தெரு டாக்டர் வந்தார், பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாரையும் விட்டுவிட்டு அவர் பிலோமினின் தோளைத் தொட்டார். வாதத்தில் ஜெயித்ததற்காகத் தொடுகிறார் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகும் வெகு நேரம் வேறு எதுவும் தோன்றவில்லை.

கூடம் சிறியது. பெஞ்சைப் போட இருந்த ஒரே இடம் தொட்டியை ஒட்டித்தான். அப்பாவின் தலை தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் வந்தது. தலைமாட்டில், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தியையும் வைத்தார்கள். காட்டூரிலிருந்து அத்தை வியாகுலம்மாள் வந்தாள். அப்பாவின் அக்கா. அழுதுகொண்டே வந்தவள் அழுதுகொண்டே வேலையைப் பார்த்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்து அப்பாவின் தாடையைச் சேர்த்துத் தலைக்கு மேல் கட்டினாள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். பிலோமின் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றான். தளர்வான முடிச்சு. அப்பா பார்த்தால் அவிழ்த்து மறுபடி போடுவார்.

கோவிலில் துக்க மணி அடித்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாங்க என்றான் பிலோமின். அவர்கள் தலையசைத்தார்கள். நல்ல மரணம் என்றார் கோவில் உபதேசியார். பார்சல் ஆபீசிலிருந்து வந்தவர் ஒருவர், அற்புதசாமி கட்டிய பார்சல் எதுவும் வழியில் பிரிந்ததே கிடையாது என்று சொல்லிவிட்டு, பிரிந்த பார்சலைப்போல அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிலோமினுக்கு அழுகை வரவில்லை.

ஜெபமாலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவன் அதைக் கவனித்தான். மெழுகுவர்த்தியின் பிம்பம் கண்ணாடியில் விழுந்திருந்தது. நேராக விழவேண்டிய பிம்பம் மேலே போகப்போகக் கோணியிருந்தது. கண்ணில் நீர் என்று நினைத்துத் துடைத்தான். கண் உலர்ந்திருந்தது. ஜெபப் புத்தகத்தின் விளிம்பைக் கண்ணாடியின் மேல்பக்கம் வைத்து அழுத்தினான். புத்தகம் இரண்டு பக்கமும் ஆடியது. கண்ணாடி நடுவில் வெளியே தள்ளியிருந்தது. அந்த நடுவுக்கு நேர் கீழே அப்பாவின் தலை. பக்கத்தில், பெஞ்சில் கன்னத்தை வைத்துக்கொண்டு அம்மா.

அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய் ரப்பர் குழாயையும் வாளியையும் எடுத்துவந்தான். குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை வாயில் வைத்தான்.

"என்னடா பண்றே?" என்றாள் அத்தை. ஜெபமாலை நின்றது.

"தண்ணி எடுக்கறேன் அத்தை."

"அப்பன் கெடக்கறப்ப மீனுக்குத் தண்ணி மாத்துறியா?"

கூடம் முழுவதும் அவனைப் பார்த்தது. பதில் சுலபமானது. இது உடைந்து அப்பா மேல் கொட்டும், அத்தை. ஆனால் அதைச் சொன்னால் ஏன் உடையும் என்று கேட்பாள். விளிம்பு எங்கே என்று கேட்பாள். யார் எடுத்தது என்று கேட்பாள். கயிறு கட்டச் சொல்லித்தான் இருப்பாரே என்று, அப்பாவைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவள், தானே கண்டுபிடித்துவிடுவாள். அவன் குழாயை வாயிலிருந்து எடுத்தான். யாரோ வந்து வாளியை வாங்கி, வந்தவர்கள் கால் கழுவத் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு அவன் தொட்டியோரமாகவே நின்றான். முதுகை வளைத்து, ஒரு உள்ளங்கையைக் கண்ணாடியின் நடுவில் ஊன்றி நின்றான். மோர் கொடுத்தார்கள், இன்னொரு கையால் வாங்கிக் குடித்தான். கட்டிப்பிடித்து அழ வந்தவர்களை ஒரு கையால் அணைத்தான். நெற்றியில் முத்தம் வைக்க எல்லாரும் ஒவ்வொருவராக வந்தபோது அவன் மட்டும் குனியவில்லை. அப்பன் தலைமாட்டை விட்டு நகரவே மாட்டேங்குது பிள்ளை, என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இப்படிக் கல்லாக நின்றால் உடம்புக்கு ஆகாது, ஒரு தரம் அழ வையுங்கள் என்றும் சொன்னார்கள். அவன் உள்ளங்கையில் கண்ணாடி குளிர்ந்து, அசையாமல் இருந்தது. ஒரு கையால் தாங்கக்கூடிய எடை அது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதற்கான சூத்திரம் போன மாதம்தான் பரீட்சையில் வந்திருந்தது. முழு மார்க்.

பராசரன் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தான். கிறிஸ்தவர் வீட்டுச் சாவில் எங்கே நிற்பது, என்ன சொல்வது என்று தெரியாமல் கூட்டத்தில் நுழைந்து, கடைசியில் பிலோமினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு அவன் பார்வை கண்ணாடிமேல் போனது.

"ஏண்டா, இது நேராவா இருக்கு?"

"இல்ல."

"தண்ணிய எடுத்துடலாமோன்னோ?"

"விடமாட்டாங்க."

பராசரன் ஒருமுறை தொட்டியைப் பார்த்தான், ஒருமுறை கீழே கட்டிய தாடையோடு இருந்த முகத்தைப் பார்த்தான். அவனும் ஒரு கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தான். சினேகிதன்கூட என்னமா துக்கப்படறான் பாரு, என்றது ஒரு குரல்.

பெட்டி வந்தது. கறுப்புத் துணி போர்த்திய பெட்டியை முக்காலிகளின் மேல் வைத்து, அப்பாவைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். இனி கோவிலுக்கு எடுத்துப் போவதுதான் பாக்கி என்று பிலோமின் மூச்சு விட்டான். கொஞ்ச நேரம்தான். பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் தொட்டி உடையட்டும், வீடே உடையட்டும்.

அப்போது ஸ்டுடியோ ரசூல் காமிராவோடு உள்ளே வந்தார்.

அதை அவன் மறந்தே போயிருந்தான். பெட்டிக்குப் பின்னால் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் அந்தத் தெருவில் யாரும் கல்லறைக்குப் போனதில்லை. தாத்தா படம், பெரியப்பா படம், எல்லாம் சுவரில் இருந்தன. எல்லாவற்றிலும் அப்பா பின்வரிசையில் நின்றார்.

ரசூல் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். பெட்டியின் தலைப்பக்கம் அம்மா, அடுத்து அத்தை, அவர்களுக்குப் பின்னால் உறவுக்காரர்கள். பெட்டி படத்தில் முழுசாக விழவில்லை என்று சொல்லி, எல்லாரையும் கொஞ்சம் பின்னால் நகரச் சொன்னார். நகர்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றார். பின்னால் தொட்டி. யாருடைய இடுப்போ ஸ்டாண்டில் இடித்தது. உச்சி வரை இருந்த தண்ணீர் ஒருமுறை அலைந்து, கண்ணாடியைத் தாண்டி வழிந்து, அம்மாவின் முதுகை நனைத்தது. அம்மா திரும்பவில்லை. அவளுக்கு அது தெரியவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றான் பிலோமின்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சணல் கயிறுகளில் நீளமானதை உருவிக்கொண்டு வந்தான். வரிசையை விலக்கி உள்ளே நுழைந்தான். ஸ்டாண்டின் இரும்புப் பட்டைகளுக்கு நடுவே கையை விட்டு, கயிற்றைத் தொட்டிக்கு அடியில் கொடுத்து மறுபக்கம் வாங்கினான். பராசரன் கேட்காமலே முனையைப் பிடித்துக் கொடுத்தான். கண்ணாடியின் விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். பிலோமின் தன் கைக்குட்டையை நான்காக மடித்து முன்பக்கத்து விளிம்பில் வைத்தான். பராசரனின் கைக்குட்டையை மடித்துப் பின்பக்கத்தில் வைத்தான். ரயிலில் போக வேண்டிய பொருள்களுக்கு அப்பா வைப்பது போலவே, மூலை பிசகாமல் வைத்தான்.

அத்தை வாயைத் திறந்தாள்.

"விடுங்க அண்ணி" என்றாள் அம்மா. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ரசூல் காமிராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வாசலில் உபதேசியார், உள்ளே என்ன தாமதம் என்று எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிலோமின் கயிற்றின் இரண்டு முனைகளையும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து குறுக்கே போட்டு இழுத்தான். பலம் கொண்ட மட்டும் இழுத்தான். மீன்கள், யாரோ இரை போடுகிறார்கள் என்று மேலே வந்து வாயைத் திறந்து மூடின. முதல் சுற்று நின்றது. இரண்டாவதைப் போட ஒரு முனையை விட்டால் முதல் சுற்று தளர்ந்தது. மறுபடி இழுத்தான். மறுபடி தளர்ந்தது. பராசரன் தொட்டிக்கு அந்தப் பக்கம் கைக்குட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிலோமின் தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"ஒரு வெரல் வைங்கம்மா."

அம்மா பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். நனைந்த முதுகோடு திரும்பி, கயிறுகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. முடிச்சு வந்து நகத்தைத் தொடும் வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.