அவசரம் உண்டு

அந்தப் போனை எடுத்திருக்கவே கூடாது என்று பேச்சிக்குத் தோன்றியது. புருஷன் வன்னியராஜ் குளித்துக்கொண்டிருந்தான். விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமான வேலைக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்ட அவனுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அவள் சங்கரன்கோவிலை விட்டு வந்ததே அவனுடைய இந்தச் சீக்குக்காகத்தான்.

பேசியவள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஷிஜா. "சேச்சி, டெஸ்ட் ரிசல்ட் வந்நு. ஒரு அவசரம் உண்டு. நாளெ ரெண்டாளும் வரணம்."

அவசரம். வன்னியராஜுக்கு மூத்திரத்தில் ரத்தம் போய், உள்ளே இருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்தச் சதையைச் சோதித்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும் என்றார் டாக்டர். மருந்துக்குக் கேட்கிற ரகம் என்றால் மூத்திரப்பை தப்பும். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே பிளாஸ்டிக் பை மாட்டவேண்டும். "அதக் கட்டிக்கிட்டு சாரத்துல ஏறவா? செத்தாலும் மாட்டேன்" என்று வன்னியராஜ் ஒரே பிடியாக நின்றான்.

அவசரம் என்று கேட்ட பிறகு நாளை வரை எவள் உட்கார்ந்திருப்பாள்? ஈரத்தலையோடு அவனை ஆட்டோவில் ஏற்றினாள்.

"எங்கட்டி கூட்டிட்டுப் போற?"

"ஆஸ்பத்திரிக்கு. அவசரமா வரச் சொல்லுதாவ."

அவன் முகம் செத்துப்போயிற்று. கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோது சொன்னான். "எடுத்துரச் சொல்லிருவோம் பேச்சி. பை தொங்குனா தொங்கட்டும். எனக்குச் சாவப் பயமா இருக்கு."

அவன் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

நாளைக்கு வரச் சொன்னவர்களை அன்றே கண்டு ஷிஜா விழித்தாள். "நாளெயல்லே வரான் பறஞ்ஞது?"

"நீங்கதான சிஸ்டர் அவசரம் உண்டுன்னீய."

வன்னியராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையிலடித்துக்கொண்டு சிரித்தான். "கூறுகெட்டவளே, இவங்க பாஷைல அவசரம்னா வாய்ப்புன்னு அர்த்தம்ட்டி. மருந்துக்குக் கேக்க வாய்ப்பு இருக்காம்."

சிரித்த வாயோடு ஷிஜாவிடம் மலையாளத்தில் கேட்டான், கட்டி மருந்துக்குக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று. சோதனை வாய்ப்பைத்தான் சொல்லும், உறுதி தராது, அப்போது மூத்திரப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்றாள் அவள். அதை அவன் பேச்சிக்குத் தமிழில் சொல்லி முடிக்கும்போது சிரிப்பு போயிருந்தது.

பேச்சி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வாய்ப்பு இருக்கட்டும். ஆட்டோல சொன்னத மட்டும் மாத்திறாதீங்க."

"மாத்த மாட்டேன்" என்றான், அவள் முகத்தைப் பாராமல்.