ஆற்றில் போன துப்பாக்கி

ரங்கூன் தமிழர்கள் செல்லக்கண்ணுவை இரண்டு விதமாக அறிந்திருந்தார்கள். ஆகாயத்தில் பறக்கிறவர் என்பது ஒன்று. துப்பாக்கியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதி எழுதிச் சர்க்காரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவர் என்பது மற்றொன்று.

அவருடைய அப்பா துறைமுகத்தில் பாரம் ஏற்றும் கூலிகளுக்கு மேஸ்திரி. மகன் இன்ஜினீயருக்குப் படிக்க இங்கிலாந்துக்குப் போனான். ஐரோப்பாவில் பெரிய சண்டை மூண்டதும் படிப்பை அப்படியே போட்டுவிட்டு விமானப் படையில் சேர்ந்து, லெப்டினன்டாகித் திரும்பி வந்தான். 1924-ல் அவருக்கு வயது முப்பது. ஐராவதி முகத்துவாரத்துக் காடுகளை மேலிருந்து படம் பிடிக்க ஒரு கம்பெனி தண்ணீரில் இறங்கும் விமானங்களைக் கொண்டுவந்திருந்தது. மங்கி பாயிண்ட் துறையில் நின்ற அந்த விமானங்களில் ஒன்றை அவர் ஓட்டினார். படைச் சேவை முடிந்திருந்தாலும் ரிசர்வ் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

துப்பாக்கி விவகாரம் ஒரு வாத்து வேட்டையில் ஆரம்பித்தது. விடுமுறை நாளில் வாத்து சுட வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்க நினைத்து லைசென்சுக்கு மனுப் போட்டார். கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையனுக்கு லைசென்ஸ் நாலு நாளில் வந்தது. செல்லக்கண்ணுவிடம் இரண்டு ஜாமீன்தாரர்களைக் கேட்டார்கள். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்தது. துப்பாக்கிக்கு என்ன அவசியம் என்று தலைமைக் குமாஸ்தா ஆறு மாதம் கழித்துக் கடிதம் எழுதினார். பிரான்சில் இரட்டை இயந்திரத் துப்பாக்கியை என்னிடம் கொடுத்தபோது இதே சர்க்கார் ஒரு ஜாமீனும் கேட்கவில்லையே என்று செல்லக்கண்ணு பதில் எழுதினார். அந்தப் பதிலின் நகலைப் பத்திரிகைக்கும் அனுப்பினார். சட்டப் புத்தகத்திலிருந்து நிற வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் குமாஸ்தாவின் மேசையிலிருந்து எடுக்கவில்லை என்பது அவர் வாதம். துப்பாக்கி யாருக்கும் கிடையாது என்றால் அது ஒரு நியாயம். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை என்றால் அதுவும் ஒரு நியாயம். ஆளைப் பார்த்துக் கொடுப்பது நியாயமே இல்லை என்று எழுதினார். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் சொந்தப் பெயரைப் போட்டார்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் மே மாதத்தில் ஒரு நாள் காலை கமலாட்சி துறைக்கு வந்தாள். பசுண்டாங் பக்கத்து அரிசி ஆலையில் புடைக்கிற வேலை அவளுக்கு. புருஷன் மாரிச்சாமி, ராணுவப் பாளையத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பட்டாளத்தில் சிப்பாய். மார்ச் மாதம், எதிர்க்கரையில் சிரியம் என்ற ஊரில் இருந்த காவல் பிரிவுக்குக் கடிதம் கொண்டுபோகச் சம்பான் படகில் ஏறியவன், துப்பாக்கி இல்லாமல் கரை சேர்ந்தான். படகு கவிழ்ந்து துப்பாக்கி ஆற்றில் போய்விட்டது என்றான். அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதே வாரத்தில் துவாந்தே பக்கம் கொள்ளை அடித்த கூட்டத்திடம் பட்டாளத் துப்பாக்கி ஒன்று இருந்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது. மாரிச்சாமி துப்பாக்கியை விற்றுவிட்டான் என்று வழக்கு. ராணுவக் கோர்ட்டு கூடுவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"துப்பாக்கிக்காகச் சர்க்காரோட மல்லுக்கு நிக்கிற ஆளு நீங்கதான்னு ஆலையில பேசிக்கிறாங்க. அதான் வந்தேன்யா" என்றாள்.

தான் எழுதுவது வேறு விஷயம் என்றாலும் அவளை உட்காரச் சொன்னார். ராணுவக் கோர்ட்டு என்ற சொல் அவரை வேறொரு இடத்துக்கு இழுத்துப் போயிருந்தது.

பிரான்சில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். மூன்று அதிகாரிகள் உட்கார்ந்த கோர்ட்டில் அவரும் ஒருவர். காவல் இடத்தை விட்டு ஓடிய ஒரு சிப்பாய் அவர்கள் முன்னால் நின்றான். அவனுக்காகப் பேச யாரும் இல்லை. விசாரணை இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. ராணுவக் கோர்ட்டில் இளைய அதிகாரிதான் முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெரியவர் சொல்வதைக் கேட்டு சின்னவர் பயந்துவிடக் கூடாது என்பதற்கான விதி அது. செல்லக்கண்ணு குற்றவாளி என்று சொன்னார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். மரண தண்டனைக்கு மூவரும் ஒத்துக்கொண்டாக வேண்டும். தான் ஒருவன் மாட்டேன் என்றிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்ற கணக்கு அவருக்கு ஏழு வருஷமாக மாறவே இல்லை. அவசரமாகக் கொடுக்கிற நீதி நீதியே அல்ல என்று அவர் முடிவுக்கு வந்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

குற்றம் சாட்டப்பட்ட சிப்பாய் தனக்காகப் பேச ஓர் அதிகாரியைக் கேட்டுக்கொள்ளலாம் என்று படை விதி சொல்கிறது. மாரிச்சாமிக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. தன் பெயரை எழுதிக் கேட்கும்படி மாரிச்சாமியிடம் சொல்லக் கமலாட்சியை அனுப்பிவிட்டு, மறுநாளே செல்லக்கண்ணு பாளையத்துக் காவல் அறைக்குப் போனார்.

மாரிச்சாமி ஒடிசலான ஆள். அதிகம் பேசமாட்டான். பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் போனது, அது கிளப்பிய அலையில் சம்பான் குடைசாய்ந்தது, தோளில் இருந்த துப்பாக்கியின் கனம் என்னைக் கீழே இழுத்தது, வாரைக் கழற்றி விட்டுவிட்டு மேலே வந்தேன் என்றான். படகுக்காரன் கோ சான் பாவுக்கு நீச்சல் தெரிந்தும் அவன் மேலே வரவே இல்லை. இதை அப்போதே சொன்னதாகவும், படகுக்காரன் ஓடிப்போனான் என்று எழுதிக்கொண்டதாகவும் சொன்னான்.

"பாத்தவங்க யாராவது உண்டா?"

"யாரும் இல்லீங்க. நான் தண்ணிக்கு மேல வந்தப்ப தலைக்கு மேல விமானம் ஒண்ணு போச்சு. கையை ஆட்டினேன். மேல இருக்கிறவருக்கு எங்க தெரியப்போவுது?"

செல்லக்கண்ணு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. படகு கவிழ்ந்த நாளில் மங்கி பாயிண்டிலிருந்து பறந்தது அவருடைய விமானம் ஒன்றுதான். காட்டுப் பக்கம் போவதற்கு முன் கேமரா ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஆற்றின் மேலேயே நாலைந்து படம் எடுப்பது வழக்கம். அவை கணக்கில் சேராத சோதனைப் படங்கள். படம் பதிந்த கண்ணாடித் தட்டைக் கழுவி அழித்து மறுபடி உபயோகிக்க வேண்டும். கழுவ வேண்டியவர் ஜாபர். கேமராவைக் கவனித்துக்கொள்ளும் காயல்பட்டணத்து ஆள். செல்லக்கண்ணுவின் பின் இருக்கையில் தினமும் பறக்கிறவர்.

அந்தத் தட்டுகளைக் கழுவிவிட்டீர்களா என்று கேட்டதும் ஜாபர் முகம் சிறுத்துப் போனது. வேலை மும்முரத்தில் இரண்டு மாதத் தட்டுகள் கழுவாமல் பெட்டியில் கிடக்கின்றன, துரையிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். செல்லக்கண்ணு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இருவரும் பெட்டியைத் திறந்து தேதிவாரியாகப் பார்த்தார்கள். அந்தக் கேமராவுக்குள் சின்னக் கடிகாரம் ஒன்று உண்டு. எடுக்கிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மணி பதிந்துவிடும். எட்டு ஐம்பத்திரண்டுக்கு எடுத்த தட்டில், ஆற்றின் நடுவே கப்பல் ஒன்று விரித்துப் போட்ட அலை, அதன் ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு சம்பான், அதில் இரண்டு புள்ளிகள். எட்டு ஐம்பத்துமூன்று தட்டில் அந்த அரிசி மணி கறுத்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படகின் அடிப்பாகம். பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி.

"இன்னொரு ஆளு?" என்றார் ஜாபர்.

செல்லக்கண்ணு அடுத்த தட்டை எடுத்துப் பார்த்தார். அதிலும் ஒரு புள்ளிதான்.

கோர்ட்டு பாளையத்தின் உணவுக் கூடத்தில் கூடியது. மேசையின் நடுவில் தலைவர், நரைத்த மேஜர். இருபுறமும் இரண்டு அதிகாரிகள். அவர்களில் இளையவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. வழக்கை நடத்திய காப்டன் கெட்டிக்காரர். வீண் பேச்சு இல்லாதவர். படகும் கிடைக்கவில்லை, படகுக்காரனும் கிடைக்கவில்லை, அந்த நேரத்தில் ஆறு அமைதியாக இருந்தது என்று ஒவ்வொன்றாக நிறுவினார். அதன் பிறகு பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டை எடுத்தார். ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஒரு ஜனத்தின் மானம் என்று இதில் எழுதியிருப்பது தாங்கள்தானே என்று செல்லக்கண்ணுவைப் பார்த்துக் கேட்டார். ஒரு சிப்பாய் அந்த மானத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது என்றார். இளைய அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

செல்லக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் பல வருஷமாகத் தயாராக இருந்தது.

"எழுதியது நான்தான். நாளைக்கும் எழுதுவேன். நான் கேட்பது, பட்டப்பகலில், பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்து வாங்குகிற துப்பாக்கியை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பின்னால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இந்த மனிதன் அதைத்தான் செய்தான். நீந்திக் கரையேறி, ஈரத் துணியோடு நேராகக் காவல் பிரிவுக்கு நடந்து போய், என் துப்பாக்கி போய்விட்டது என்று தானே சொன்னான். விற்றவன் அப்படிச் செய்யமாட்டான்."

பிறகு ஜாபரைக் கூப்பிட்டார். ஜாபர் குர்ஆன் மேல் சத்தியம் செய்து, கேமரா எப்படி வேலை செய்யும், மணி எப்படிப் பதியும் என்று நிதானமாக விளக்கினார். தட்டுகளும் பூதக்கண்ணாடியும் மேசையில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயின. மேஜர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். படகு கவிழ்ந்தது உண்மை என்று காப்டனே ஒத்துக்கொண்டார். ஆனால் துப்பாக்கியை அதற்கு முன்பே கைமாற்றியிருக்கலாமே என்றார். செல்லக்கண்ணு துறைக் காவலரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். எட்டு நாற்பதுக்கு ஒரு சிப்பாய், ஒரு துப்பாக்கியோடு சம்பானில் ஏறியதாக அதில் இருந்தது. மிச்சம் பன்னிரண்டு நிமிஷம், நடு ஆறு. அங்கே துப்பாக்கி வாங்க மீன்தான் வந்திருக்க வேண்டும் என்றார்.

முடிவாக ஒன்று சொல்ல அனுமதி கேட்டார். இளைய அதிகாரியை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நானும் ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வாய் திறக்க வேண்டியது அந்த நாற்காலிதான். பெரியவர்களுக்கு நேரமாகிறதே என்று பார்க்காதீர்கள்."

அப்படிப் பேசுவது முறையில்லை என்று மேஜர் கண்டித்தார். கண்டித்துவிட்டு, யாருக்கும் நேரமாகவில்லை என்று சொல்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேலதிகாரி கையெழுத்துப் போடும்வரை முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் செல்லக்கண்ணு வழக்கம்போலப் பறந்தார், நன்றாகத் தூங்கினார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி அவருக்குப் பிரான்சிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகக் கிடைத்திருந்தது. பத்தாம் நாள், குற்றமில்லை என்று உத்தரவு வந்தது. மாரிச்சாமிக்கு வேறு துப்பாக்கி கொடுத்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் முதலில் கேட்ட விடுப்பு ஒரே ஒரு நாள். ஆற்றுக்கு அக்கரையில் டலாவில் இருக்கும் படகுக்காரன் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போகத் தைரியம் இல்லை என்றான். செல்லக்கண்ணுவும் கமலாட்சியும் கூடப் போனார்கள்.

கோ சான் பாவின் மனைவி மா ஏ மி ஆற்றோரத்தில் நாப்பி என்கிற மீன் ஊறல் விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் பெகுவுக்கு வேலை தேடிப் போயிருப்பதாக நினைத்திருந்தாள். போலீஸ் வந்து அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று இரண்டு தடவை மிரட்டிவிட்டுப் போயிருந்தது. மாரிச்சாமி தனக்குத் தெரிந்த பர்மிய பாஷையில், நடந்ததை முழுவதும் சொன்னான். அவள் புருஷன் கடைசிவரை துடுப்பை விடவில்லை என்றான். அவள் அழவில்லை, கூடையைத் துணியால் மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பிக்குவைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். திதிச் சோறு படைக்க நாள் தவறிவிட்டது என்பதுதான் அவள் கவலை. மூவரையும் அந்தச் சோற்றுக்கு வரச் சொன்னாள்.

ஒரு துப்பாக்கி எங்கே போனது என்று இரண்டு மாதம் ஒரு பட்டாளமும் ஒரு போலீசும் தேடின. ஒரு மனிதன் எங்கே போனான் என்று யாரும் தேடவில்லை. தானும் அந்த மூன்றாம் தட்டைப் பார்த்த பிறகு வழக்கைத்தான் நினைத்தோமே தவிர, அவன் வீட்டை நினைக்கவில்லை என்பது படகுத்துறைக்கு நடக்கும்போது செல்லக்கண்ணுவுக்கு உறைத்தது.

திரும்பி வரும் படகில் மாரிச்சாமி தயங்கித் தயங்கிப் பேசினான்.

"ஐயா, தப்பா நினைக்கக்கூடாது. துப்பாக்கி எல்லாருக்கும் கிடைக்கணும்னு எழுதுறீங்களாமே. ஒரு துப்பாக்கிய வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு போதாதா? அது எதுக்குய்யா ஊருக்கெல்லாம்?"

கமலாட்சி அவன் கையைக் கிள்ளினாள். செல்லக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார். உனக்கு வேண்டாம் என்றால் நீ வாங்காதே, வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும், குமாஸ்தா சொல்லக்கூடாது என்றார். மாரிச்சாமிக்கு அது முழுக்கச் சம்மதமாகவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பற்றி அவர் மேலே வாதாடவில்லை.

அந்த வாரம் பத்திரிகையில் அவருடைய கடிதம் இரண்டு பத்தி வந்தது. லைசென்ஸ் விஷயத்தை நாலே வரியில் முடித்திருந்தார். மீதி முழுவதும் ராணுவக் கோர்ட்டைப் பற்றி. சிப்பாய்க்காகப் பேச ஆள் கேட்கலாம் என்பதை அவனுக்குத் தெரிந்த பாஷையில் முதல் நாளே சொல்ல வேண்டும். தண்டனை கொடுத்தால் மேலே முறையிட ஒரு வழி வேண்டும். செத்தவனையும் ஒரு சாட்சியாக நினைத்துத் தேட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் அதற்கு ஒரு மறுப்பு வந்தது. முதல் யோசனை சரி, மூன்றாவதும் சரி, இரண்டாவது படையின் கட்டுப்பாட்டையே குலைத்துவிடும் என்று காரணம் காட்டி எழுதியிருந்தது. கீழே வழக்கை நடத்திய காப்டனின் சொந்தப் பெயர் இருந்தது. செல்லக்கண்ணு அதை இரண்டு முறை வாசித்தார். மூன்றில் இரண்டுக்கு ஆள் வந்துவிட்டார் என்று ஜாபரிடம் காட்டிவிட்டு, பதில் எழுதக் காகிதம் எடுத்தார்.