பாவு போடும் இடத்தில் மேடை

என் கணவர் ஜியாவுதீன் போய் மூன்று வருடமாகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் செய்தவர். ஆனால் நினைப்பெல்லாம் நாடகம்தான். எங்கள் தெரு நாடகக் குழுவுக்கு அவர்தான் ஆர்மோனியம், சமயத்தில் நடிகரும். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 1969 மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலைதான் முதலில் வந்து நிற்கிறது.

தெருமுனை நகராட்சி மைதானத்தில் திறந்தவெளி அரங்கம் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. இடம் காலியாக இருப்பதை ஓவர்சியர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று போடாவிட்டால் நிதியாண்டு முடிந்து பணம் திரும்பிப் போய்விடும். இரண்டு வருடம் மனுவோடு அலைந்தவர் இவர், என் கணவர்.

ஜீப் வந்து நின்றது. மைதானத்தின் நடுவே அறுபதடி நீளத்துக்கு, எங்கள் தெரு நெசவாளர் கோதண்டபாணியின் பட்டுப் பாவு, புடவைக்கு நெடுக்காக ஓடும் இழைக்கற்றை, அப்போதுதான் கஞ்சி தடவி, மரக்கால்களில் விறைப்பாக இழுத்துக் கட்டிக் கிடந்தது.

“இதுவா காலியிடம்?” என்றார் ஓவர்சியர்.

“கோதண்டம், கொஞ்சம் சுருட்டிடேன்பா,” என்று கெஞ்சினார் இவர்.

“ஈரப் பாவைச் சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும். மூணு பொடவை போச்சு. உன் நாடகத்துல அழுவுற சீனுக்கே ஜனங்க சிரிக்குது, அதுக்கு மேடை ஒண்ணு கேக்குதா பாய்? அப்புறம் நாங்க பாவு எங்க போடறது?”

இவர் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு ஓவர்சியரிடம் ஓடினார். “சார், பாக்கறவங்களுக்குப் பெஞ்சே வேணாம். தரையைச் சும்மா விட்டுடுங்க. காலையில அவங்க பாவு, சாயங்காலம் எங்க நாடகம்!”

ஓவர்சியர் யோசித்தார். வரைபடத்தில் இருக்கை வரிசைகளை அடித்து, ‘காலையில் பாவு போட’ என்று ஓரத்தில் எழுதினார். கோதண்டபாணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

“சரி, இப்போ காலி பண்ணுங்க. பத்து நிமிஷம்தான் நிப்பேன்,” என்றார் ஓவர்சியர்.

“சுருட்டாம அப்படியே தூக்கிக்கினு போனா என்னாண்ணே?” என்று கேட்டது நான்தான்.

கோதண்டபாணி வரதர் உற்சவத்தில் பல்லக்குத் தூக்குகிறவர். அவர் முகம் மலர்ந்தது. “சாமி பொறப்பாடு மாதிரி! எல்லாரும் வாங்கபா!”

பாவின் முன்முனையைக் கட்டியிருந்த கழியை அவர் பிடித்தார், பின்முனைக் கழியை இவர். இடையில் இருபது பேர். நானும் முக்காட்டைச் செருகிக்கொண்டு, இழைகளுக்கு நடுவே கோர்த்திருந்த குச்சிகளில் ஒன்றைப் பிடித்தேன்.

“ஒரே அடி! பாய், இழுத்துப் புடி! தொய்ய வுட்டே, தொலைஞ்சே!”

மாம்பழ மஞ்சள் பட்டு வெயிலில் மின்ன, நேராகத் தெருவுக்குள் நடந்தோம். வீடுகளிலிருந்து ஜனங்கள் ஓடிவந்து வழிவிட்டார்கள். யாரோ மரக்கால்களை இழுத்துப் போட்டார்கள். மைதானம் துடைத்தாற்போல் காலி.

ஓவர்சியர் கையெழுத்துப் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு இவரிடம் வந்தார். “பிடிங்க பாய்.”

இரண்டு கையும் கழியில். இவர் வாயைத் திறந்து காட்டினார். ஓவர்சியர் தாளைப் பற்களுக்கிடையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“இன்னா ஆச்சு பாய்? போட்டாரா, இல்லியா?” முன்முனையிலிருந்து கோதண்டபாணி கத்தினார்.

“போட்டாரு! போட்டாரு!” என்று நான் கூவினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “அடடா, இப்பதான் பாய் வாயை மூடிக்கினு நல்லா நடிக்கிறான்!”

தெருவே சிரித்தது. பாவு ஆடியது. “சிரிக்காதீங்கபா, இழை போயிடும்!” என்று கத்தியவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் தாள் விழுந்துவிடும். கண்களில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, மைதானத்துக்குத் திரும்பும்வரை ஒரே அடியாக நடந்தார்.