எந்தத் தீவு உசத்தி

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி ஆனால் போதும், அந்த வீட்டில் இரண்டு நாடுகள் மோதிக்கொள்ளும். மோதுவது அக்காவும் தம்பியும். அக்கா இந்தத் தீவில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தம்பி கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தீவில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தால் நலம் விசாரிப்பு இரண்டே நிமிடம்தான். பேச்சு நேராக எந்தத் தீவு உசத்தி என்பதில் போய் நிற்கும்.

"எங்க ஊர்ல பஸ் ஏழு இருபதுன்னா ஏழு இருபதுதான்" என்பான் தம்பி.

"எங்க ஊர்ல லேட்டாதான் வரும். ஆனா ஓடி வர்றவங்களைப் பாத்தா நிக்கும்" என்பாள் இவள்.

அவன் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பான். இவள் இங்கே வைத்தியம் இலவசம் என்பாள். அவன் சம்பளத்தைச் சொன்னால் இவள் வாடகையைக் கேட்பாள், அவன் பேச்சை மாற்றுவான். இதற்கெல்லாம் நடுவர் அப்பா. துறைமுகத்தில் எடைமேடைக் குமாஸ்தாவாக முப்பது வருஷம் இருந்தவர். கடைசியில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் தீர்ப்புச் சொல்வார். ஒரு வாரம் அவன் ஜெயிப்பான், மறுவாரம் இவள். பிள்ளைகள் மனம் கோணக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய சட்டம். பதினோரு வருஷமாக நடக்கிற கூத்து இது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளிடம்தான் இருக்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் மாறி மாறி ஷிஃப்ட். குளிப்பாட்ட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக, படுக்கையில் திருப்பிப் போட எல்லாம் அவள்தான். போன மாதம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. டாக்டர் எடை தூக்கவே கூடாது என்றார். வேலையில் வண்டி வண்டியாக ஈரப் போர்வை, வீட்டில் அப்பா. இதில் எதைத் தூக்காமல் இருப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

பெற்றோர் விசாவுக்கான படிவத்தை அவளே வாங்கிப் பூர்த்தி செய்துவிட்டாள். தம்பி கையெழுத்துப் போட்டால் அப்பா அங்கே போகலாம். புதன்கிழமை கடைசி நாள். சனிக்கிழமை அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர், "சரிம்மா, அவன்கூடயும் கொஞ்ச நாள் இருக்கணும்ல" என்றார். ஞாயிறு காலையில் மாப்பிள்ளையிடம் சொல்லி முகச்சவரம் செய்துகொண்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டையைப் பார்க்கவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"உங்க ஊர்ல நடைபாதை எல்லாம் சமமா இருக்குமாமே" என்று ஆரம்பித்தாள். "சக்கர நாற்காலி ஜோரா போகும். லிஃப்ட் இருக்கு. அப்பாவுக்கு அங்கதான் சரிப்படும். அந்தப் படிவம் கையெழுத்துக்கு அனுப்பினேனே, பாத்தியா?"

"பாத்தேன்" என்றான். பிறகு கொஞ்சம் இருமிக்கொண்டான். "எங்க லிஃப்டை நம்பாதக்கா. வாரத்துல ரெண்டு நாள் நின்னுடும், நான்தானே சரி பண்றேன். குளிர் வேற. அப்பாவுக்கு ஆகவே ஆகாது. வீடுன்னு பேரு, ஒரே ரூம். நானும் எம் பொண்டாட்டியும் வேலைக்குப் போயிட்டா பக்கத்து வீட்டுக்காரன் கதவைக்கூடத் தட்டமாட்டான். உங்க ஊரு மாதிரி வருமா?"

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவள் பதினோரு வருஷமாக மல்லுக்கட்டினாள். இன்று அதையே மறுக்க வேண்டியிருந்தது.

"எங்க ஊரா? டாக்டரைப் பாக்க நாலு மணி நேரம் வரிசை. அப்பா அதுவரைக்கும் உக்காந்திருப்பாரா? பஸ் படி இடுப்பு உசரம். பக்கத்து வீட்டுல எல்லாரும் வேலைக்கு ஓடறவங்கதான், யாரும் எட்டிப் பாக்கறதில்ல."

"தண்ணி ஒரே மருந்து வாடைக்கா."

"இங்க மூணு நாளா தண்ணியே இல்ல."

தண்ணீர் காலையில்கூட வந்தது. அரைமணி நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு தீவுகளையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். சொல்ல இனி எதுவும் இல்லை என்று ஆனதும், பழக்க தோஷம், இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி அப்பா முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரு சொல்றது சரி, சொல்லுங்கப்பா" என்றும் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான், எதை எடை போடச் சொல்லி யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"ரெண்டு ஊரும் இவ்வளவு மோசம்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாது" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். யாருக்குக் கஷ்டம் இல்லையோ அவங்க வீட்டுல இருக்கேன். யாருன்னு சொல்லுங்க."

தம்பி திரைக்கு வெகு அருகில் வந்து, "அப்பா, விட்டு விட்டுக் கேக்குது. லைன் சரியில்லை போல" என்றான்.

அப்பா நம்பிவிட்டார். ஒரு கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்க அதையே மறுபடி சொன்னார். "யாருக்குக் கஷ்டம் இல்லையோ..." பாதியிலேயே இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மூன்றாவது தடவையும் ஆரம்பித்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"போதும்ப்பா. அவனுக்குக் கேட்டுச்சு" என்றாள். "எனக்கும் கேட்டுச்சு."

திரையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேல் ஆத்திரப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. அவன் வாய் பேசியதைத்தான் அவள் வாயும் பேசியது. போனை அணைத்துவிட்டு அப்பாவின் அக்குளுக்குள் இடது கையைக் கொடுத்தாள். வலது தோள் சுள்ளென்று இழுத்தது.

"இங்கயே இருங்கப்பா."

"உன்னால முடியுமாம்மா?"

"முடியல" என்றாள். "காலை ஊனுங்க, எழுந்திருக்கலாம்."