அம்மா ஏறாத பஸ்

ஒன்பது நாட்களாக எங்கள் அம்மா பேச்சியம்மா, காலை ஆறே முக்காலுக்கு நல்ல சேலை கட்டிக் கைப்பையோடு றோட்டோரம் நின்றார். எங்கும் போவதற்கல்ல. பஸ்ஸை மறிப்பதற்கு.

வெள்ளைச் சீருடை தெரிந்தால் பஸ் நிற்காது. மாதம் முழுக்கச் சலுகைக் கட்டணத்தில் போய்வர அரசாங்கம் எங்களுக்கு சீசன் ரிக்கற் தந்திருக்கிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் ‘பாடசாலைச் சேவை’ என்று பலகையும் இருக்கிறது. ஆனால் சீசன்காரர் ஏறினால் காசு கொடுக்கிற ஆட்களுக்கு இடமில்லையாம். எங்களைக் கண்டதும் ட்றைவர் வேகத்தைக் கூட்டுவார். புளியங்குளத்திலுள்ள பள்ளிக்கூடத்துக்கு எட்டுக் கிலோமீற்றர்.

“சப்பாத்து வாங்க வவுச்சர் ஏன் தந்தவை எண்டு இப்பதான் விளங்குது. நடக்கத்தான்!” என்றான் தம்பி பிரதீபன்.

அதனால் நாங்கள் நான்கு பிள்ளைகளும் பாலை மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்போம். அம்மா கை காட்டுவார். பஸ் நின்றதும் பாய்ந்து ஏறுவோம்.

“நீங்க ஏறேல்லையோ அக்கா?” என்று கொண்டக்டர் கேட்பான்.

“நான் வரல தம்பி. புள்ளைங்கள பாத்து எறக்கி விடுங்க.”

பத்தாம் நாள் ட்றைவருக்கும் கொண்டக்டருக்கும் எங்கள் தந்திரம் பிடிபட்டுவிட்டது. அம்மா குடையால் முகத்தை மறைத்துப் பார்த்தார். கச்சான் கடலை மூட்டையோடு நின்று பார்த்தார். ம்ஹூம். நடந்து போய்ச் சேருவதற்குள் பள்ளிக்கூடக் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். எனக்கோ உயர்தரப் பரீட்சை வருடம். எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூலம் பரீட்சை எழுத முடியாது.

புதன்கிழமை அதிபர் கமலாட்சி டீச்சர் வரவு இடாப்பைப் புரட்டினார்.

“எண்பத்தொண்டில நிக்கிறாய் அனோஜா. இன்னும் ரெண்டு நாள் வராட்டி என்னாலயும் ஒண்டும் செய்யேலாது.”

“பஸ் ஏத்துறானில்லை டீச்சர்.”

“ஓம், தெரியும். ஆனா எழுத்தில வேணும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னம் அம்மாவோட வவுனியாப் போக்குவரத்துக் கந்தோருக்குப் போய் முறைப்பாட்டைக் குடு. பெற்றோர் நேர வந்து கையெழுத்து வைக்கோணுமாம்.”

“அப்ப வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம்?”

டீச்சர் பேனையை மூடினார். “அது ஒரு நாள்தான்.”

நானே கடிதம் எழுதினேன். நான்கு முறைப்பாடுகள், இலக்கம் போட்டு.

வெள்ளிக்கிழமை நான் சீருடை போடவில்லை. தம்பியாட்களை முன்னமே நடக்க அனுப்பிவிட்டேன். மரத்துக்குப் பின்னால் ஒருவருமில்லை. கொண்டக்டருக்குத் தெரியட்டும் என்று அம்மா ஐந்நூறு ரூபாத் தாளை உயர்த்தி ஆட்டினார்.

பஸ் வந்தது. உள்ளே பாதி இருக்கை வெறுமை. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு சிரித்தான்.

“இண்டைக்குக் காசும் காட்டுறியளோ? நடிப்பு முன்னேறிட்டுது அக்கா!”

“டேய், உண்மையா வாறமடா! நில்லடா!” புழுதிக்குள் நின்று கத்தினேன். கல்லொன்றை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

தாள் இன்னும் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

“இன்னைக்கு நெசமாத்தானே நின்னேன், புள்ள?” என்று என்னிடமே கேட்டார்.

இந்த றோட்டில் அடுத்த பஸ் பதினொன்றே முக்காலுக்கு. புளியங்குளம்வரை நடந்தால்தான் ஏ-9 வீதியில் வேறு பஸ் பிடிக்கலாம். கடிதத்தை அம்மாவின் முதுகில் விரித்து, ஐந்தாவதையும் எழுதினேன்: ‘முறைப்பாடு செய்யப் போகும் பெற்றோரையும் ஏற்றுவதில்லை.’

“எழுதிட்டியா?”

“எழுதிட்டன்.”

“அப்ப நட,” என்ற அம்மா, நல்ல செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.